சாமி டீ கேட்கவில்லை

கண்ணமங்கலம்
14.10.2025

திரு. தாண்டவராயன் அவர்களுக்கு,

வணக்கம். ஏழு வருடமாக உங்களை அண்ணா என்று எழுதிப் பழகிய கை, மேலே இருக்கிற அந்தத் 'திரு'வைப் போட மூன்று தாளைக் கிழித்தது. இருந்தாலும் போட்டுவிட்டேன்.

காகிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. உங்கள் 'சாமைக்காடு' தளத்தில் எதை எழுதினாலும் அது முகப்புப் பக்கத்தின் ஓரத்தில் ஓடும் பின்னூட்டப் பட்டையில் போய் நிற்கிறது. அங்கே என் பெயர் ஓடியது போதும்.

அக்டோபர் மூன்றாம் தேதி, அதே தளத்தில் இருக்கும் என் வலைப்பூவில் ஒரு கனவைப் பதிவிட்டேன். என் மெத்தைக் கடைக்கு வருகிறவர்கள் தலையணையை அமுக்கிப் பார்த்துக்கொண்டே தங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள், அங்கிருந்து கனவுக்குப் போவார்கள், அதை நான் எழுதுவேன். இது நம் பதிவர்கள் எல்லோருக்கும் தெரியும். மூன்றாம் தேதி எழுதியது இருநூற்றுப் பன்னிரண்டாவது. நெல்லிவாசல்நாட்டு மணியம்மாள் கண்ட கனவு. அவர் ஊர்ச் சாமி கல்லை விட்டு இறங்குகிறது. பனிக்குள் நடந்து வந்து, சேட்டு ஓட்டும் ஷேர் ஜீப்பைக் கைகாட்டி நிறுத்துகிறது. முன் சீட்டில் உட்கார்ந்து, மலை இறங்கி, கண்ணமங்கலம் பஸ் ஸ்டாண்டு எதிரே இறங்கி, ஒரு டீ கேட்கிறது. அவ்வளவுதான். எழுதும்போதே எனக்குக் கண் சொக்கியது, அந்தப் பனி அப்படி.

ஆறாம் தேதி 'மலைமகன்' என்ற பெயரில் ஒருவர் வந்தார். சாமியைக் கேலி செய்துவிட்டேன் என்றார். அது அவர் கருத்து, பதில் எழுத உட்கார்ந்தேன். அடுத்த வரியில், 'புருஷன் இல்லாமல் கடை நடத்தும் பொம்பளை தலையணை மட்டும்தான் விற்கிறாளா?' என்று கேட்டிருந்தார்.

ஏழாம் தேதி நீங்கள் வந்தீர்கள். வெட்டியது என் பதிவை. அவருடைய கேள்வி பதினொன்றாம் தேதி வரை பட்டையில் ஓடியது, எந்தப் பதிவுக்கு எழுதியது என்ற தடயம்கூட இல்லாமல், என் பெயரோடு. பஞ்சு மூட்டை இறக்க வந்த ஆள் அன்றைக்குத் தரையைப் பார்த்தே என்னிடம் பேசினார். பத்தாவது படிக்கும் என் மகள் பூவிழி, "நீ இனிமே எழுதாதம்மா" என்றாள்.

உங்கள் தளத்தின் நெற்றியில் இரண்டு வரி இருக்கிறது. 'இங்கே யாருடைய சொல்லும் வெட்டப்படாது. இங்கே யாரும் யாரையும் வையக்கூடாது.' அந்த இரண்டையும் நம்பித்தான் ஏழு வருடம் எழுதினேன். ஒரே நாளில் இரண்டும் போயின.

ஆகவே என் இருநூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் அழித்துவிடுங்கள். ஒவ்வொன்றாக அழிக்க எனக்கும் வழி இருக்கிறது, ஆனால் கை வரவில்லை. மொத்தமாக மூடும் பொத்தான் உங்களிடம்தான் இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்குள் அழுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
நதியா

*

புதூர்நாடு
22.10.2025

அன்புள்ள நதியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சேட்டு கொண்டுவந்து கொடுத்தான். மில்லை நிறுத்திவிட்டுப் படித்தேன். சாமை அரைபடும் சத்தம் நின்றதும் வெளியே இருந்த பனி உள்ளே வந்து தவிட்டுத் தூசியோடு கலந்துவிட்டது. கொஞ்ச நேரம் எழுத்தே தெரியவில்லை. அது பனியால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மன்னிப்பு. காரணம் பிறகு.

எங்கள் ஊரில் போனுக்கு உயிர் வர வேண்டுமானால் ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏற வேண்டும். சிக்னல் பாறை என்றே அதற்குப் பெயராகிவிட்டது. ஏழாம் தேதி காலையில் மில்லுக்கு வந்தவர்கள் மூட்டையை இறக்காமலே நின்றார்கள். "இன்னா தாண்டவராயா, நம்ம சாமிய டீக்கடையில உக்கார வச்சிட்டாங்களாமே. உன்னுதுலதான் வருதாமே" என்றார் ஒருவர். என் வயது ஆள், கூட விளையாடியவர். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அழுதுவிடுகிற மாதிரி கேட்டார்.

பாறையில் ஏறினேன். மழை பிடித்துக்கொண்டது. போனில் சார்ஜ் நான்கு சதவீதம். மலைமகன் எழுதியதையும் அப்போதுதான் பார்த்தேன். பதிவை மறைத்தால் அதன் அடியில் உள்ள பின்னூட்டங்களும் சேர்ந்து மறைந்துவிடும், ஊருக்கும் அமைதி, உங்களுக்கும் அமைதி என்று நினைத்து ஒரே ஒரு பொத்தானை அழுத்தினேன். பட்டை தனியாக ஓடும் என்பது அதை அமைத்த எனக்கே மறந்துவிட்டது. அன்று மத்தியானம் டவர் படுத்தது. நான்கு நாள் எழுந்திருக்கவில்லை. நானோ சூட்டோடு சூடாகத் தீயை அணைத்துவிட்டதாக நினைத்து இங்கே சாமை அரைத்துக்கொண்டிருந்தேன்.

மறைப்பதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சார்ஜ் இல்லை என்று சொன்னால் அது பாதிதான் உண்மை. பிறகும் சொல்லவில்லை. முகம் இல்லை.

இன்னும் எதையும் அழிக்கவில்லை. அழுத்தப் போனால், ஆரணியில் நடந்த பதிவர் சந்திப்பில் நீங்கள் கொடுத்த தலையணை ஞாபகம் வருகிறது. இப்போதும் அதில்தான் படுக்கிறேன். அதில் தலை வைத்து எப்படி அழிப்பது?

ஒன்று கேட்கலாமா? கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் கனவை எழுதப் போகிறேன் என்று மணியம்மாளிடம் கேட்டீர்களா? பெயரும் போட்டிருக்கிறீர்கள், ஊரும் போட்டிருக்கிறீர்கள்.

அன்புடன்,
தாண்டவராயன்

*

கண்ணமங்கலம்
29.10.2025

திரு. தாண்டவராயன் அவர்களுக்கு,

மன்னிப்பை வாங்கிக்கொண்டேன். கேள்வியைத் திருப்பி அனுப்புகிறேன்.

மணியம்மாளிடம் கேட்டீர்களா என்கிறீர்கள். என்னிடம் கேட்டீர்களா? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்கிற கதையாக இருக்கிறது. அவர் தானாகத்தான் வந்தார், தானாகத்தான் சொன்னார், நான் ஒன்றும் பிடுங்கவில்லை. ஒவ்வொருவரிடமும் போய் 'உன்னை எழுதலாமா, இதைச் சொல்லலாமா' என்று கேட்டுக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒருத்தரும் ஒரு வரி எழுத முடியாது. அந்த மாதிரி பயத்தில் எழுத வேண்டாம் என்றுதானே சாமைக்காட்டையே ஆரம்பித்தீர்கள்?

சாமி டீ குடித்தால் என்ன குறைந்துவிட்டது? கூழ் குடிக்கிற சாமிதானே.

கடையில் இப்போது மத்தியானம் ஆளே இல்லை. பஞ்சு அடைத்த கோணி மேல் சாய்ந்தால் தூக்கம் வருகிறது. தூக்கத்தில் என் பதிவுகளெல்லாம் இலவம்பஞ்சாகி வாசல் வழியே பறந்து போகின்றன. நான் எழுந்து கதவைச் சாத்துவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதையும் நீங்கள் மறைத்துவிடலாம்.

பொத்தானை அழுத்துங்கள். தீபத்துக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

நதியா

*

புதூர்நாடு
08.11.2025

நதியாவுக்கு,

உங்கள் கேள்விக்குப் பதில்: கேட்கவில்லை. கேட்காமல் மறைத்தேன். அது தப்பு.

ஆனால் நான் கேட்ட கேள்வி என்னையே விடவில்லை. புதன்கிழமை உங்கள் பதிவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு நெல்லிவாசல்நாட்டுக்கு நடந்தேன். விடிந்து கிளம்பியவன் போய்ச் சேரும்போது பொழுது உச்சிக்கு வந்துவிட்டது. வழியெல்லாம் பனி. முன்னால் போகிற என் காலே எனக்குத் தெரியவில்லை. யாரோ என்னோடு கூட நடக்கிற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை. கேலி செய்தால் செய்யுங்கள்.

மணியம்மாளுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மகளைக் கண்ணமங்கலம் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறார், அங்கே வந்தபோதுதான் உங்கள் கடைக்கு வந்திருக்கிறார். அறுத்த சாமைத் தாளைக் கட்டிக்கொண்டிருந்தவர் கட்டிக்கொண்டே கேட்டார். நான் படித்தேன். ஜீப் வந்தது, பனி வந்தது, முன் சீட்டு வந்தது. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். "ஆமா, அப்படித்தான் குந்திக்கினு வந்துச்சு. நல்லா எழுதிக்கீது அந்தப் பொண்ணு" என்றார். கடைசி வரியைப் படித்தேன். கட்டு கையிலிருந்து நழுவியது.

"டீயா? சாமி எப்போ டீ கேட்டுச்சு? நான் அப்படிச் சொன்னனா?"

"வேற இன்னா கேட்டுச்சு?" என்றேன்.

"அத்த நான் சொல்லல. அந்தப் பொண்ணு சிரிச்சிச்சு. நிறுத்திக்கினேன்."

அதற்குப் பிறகு எவ்வளவு கேட்டும் வாயைத் திறக்கவில்லை. சாமியைப் பற்றி எழுதியதில் அவருக்கு வருத்தமே இல்லை, நதியா. 'எங்கூட்டு ஆளு மாதிரிதான் அது' என்கிறார். வருத்தம் டீயில்தான். 'நான் காணாதத்த நான் கண்டேன்னு எழுதிட்டாங்க' என்கிறார். சேட்டு ஜீப்பில் ஏறினால் 'டீ சாமி வந்துட்டாங்க, முன் சீட்ட உடுங்க' என்கிறார்களாம். போன மாதத்திலிருந்து ஜீப்பில் ஏறுவதில்லை. மகளைப் பார்க்க வேண்டுமென்றால் மலையடிவாரம் வரை நடந்தே இறங்குகிறார். இதை உங்கள் மனதைக் குத்த எழுதவில்லை. தெரிந்துகொண்டு உங்களிடம் மறைத்தால் அது இரண்டாவது மறைப்பாகிவிடும்.

திரும்பும்போது நாவல் மரத்தடியில் அவர்கள் சாமியைப் பார்த்தேன். தகரக் கூரை, கல், ஒரு சூலம். கல்லின் பின்னால் நீலக்கோடு போட்ட சின்னத் தலையணை ஒன்று இருந்தது. ஓரத்தில் உங்கள் கடைப் பெயர். சாரல் அடித்து நனைந்திருந்தது. அங்கே யார் கொண்டுபோய் வைத்தது என்று புரியவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் பதிவை நான் சாமிக்காக மறைக்கவில்லை. மில்லுக்கு வருகிற முகங்களுக்குப் பயந்து மறைத்தேன்.

நேற்று ஒரு கனவு. நான் உங்கள் பதிவுகளை மில்லில் கொட்டி அரைக்கிறேன். உமி ஒரு பக்கம் போகிறது, அரிசி ஒரு பக்கம் போக வேண்டும், வரவே இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். பெயரும் போடலாம். கேட்காமலே அனுமதி கொடுத்துவிட்டேன்.

தாண்டவராயன்

*

கண்ணமங்கலம்
15.11.2025

அண்ணா,

கடிதத்தைக் கடையில் வைத்துப் படிக்க முடியவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன்.

மணியம்மாள் வந்தது ஆயுத பூஜைக்கு முன்னால். கடையில் நல்ல கூட்டம். சின்னத் தலையணை வேண்டும் என்றார். "குழந்தைக்கா, அக்கா?" என்று கேட்டேன். "இல்ல, பெரியவருக்கு" என்றார். வீட்டில் யாரோ பெரியவர் என்று நினைத்துக்கொண்டேன். அளவு பார்க்கும்போதுதான் கனவைச் சொல்ல ஆரம்பித்தார். நீலக்கோடு போட்ட துணியை அவர்தான் எடுத்தார். சாமி ஜீப்பில் முன் சீட்டு கேட்டது என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாங்க வந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையணையை வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாமி இறங்கியது வரைதான் சொன்னார்.

டீ என்னுடையது, அண்ணா. முடிவு இல்லாமல் பதிவு மொட்டையாக நின்றது. பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை இருந்தது. போட்டுவிட்டேன்.

மலைமகன் என்னைப் பற்றி இல்லாததைச் சொன்னபோது என் உடம்பு எப்படி எரிந்தது என்று எனக்குத் தெரியும். அதையே நான் அவருக்குச் செய்திருக்கிறேன், சிரித்த முகத்தோடு. நான் வையவில்லை, மரியாதையாகத்தான் எழுதினேன், 'அவர்', 'இவர்' என்றெல்லாம் போட்டேன். அதனால் என்ன? அந்த அம்மாள் மலையிலிருந்து நடந்து இறங்குகிறார்.

மூன்று நாளாகப் பழைய பதிவுகளை எடுத்துப் பார்க்கிறேன். எத்தனை கனவுக்கு நானே வால் ஒட்டியிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சிலது அவர்கள் சொன்னதா, நான் சேர்த்ததா என்று இப்போது என்னாலேயே பிரிக்க முடியவில்லை.

பொத்தானை அழுத்திவிடுங்கள். போன மாதம் கோபத்தில் கேட்டேன். இந்த மாதம் வெட்கத்தில் கேட்கிறேன்.

நதியா

*

புதூர்நாடு
20.11.2025

தங்கச்சி,

கோபத்துக்கும் அழிக்கவில்லை, வெட்கத்துக்கும் அழிக்க மாட்டேன். தீபத்தன்று நீங்கள் தெளிந்த மனதோடு சொன்னால் அன்றைக்கு அழுத்துகிறேன். உங்கள் எழுத்து, உங்கள் சொல்தான் கடைசி.

இங்கே நான் செய்ததைச் சொல்கிறேன். முகப்பில் என் பெயரில் மன்னிப்பு போட்டிருக்கிறேன், பட்டையிலும் ஓடுகிறது, அதுவும் நான்கு நாள் ஓடட்டும் என்று விட்டிருக்கிறேன். எழுதியவரிடம் முதலில் சொல்லாமல் எந்தப் பதிவையும் மறைக்கக்கூடாது என்று தளத்தின் நெற்றியில் மூன்றாவது வரி சேர்த்தாயிற்று. மலைமகனுக்கு எழுதினேன்: சாமியைப் பற்றிய உங்கள் வரி இருக்கும், அந்தப் பெண்ணைப் பற்றிய வரி போகும், சொந்தப் பெயரோடு மன்னிப்பு கேட்டால் நீங்களும் இருக்கலாம். கருத்துரிமையைக் கொன்றுவிட்டேன் என்று நான்கு பத்தி எழுதிவிட்டுப் போய்விட்டார். போகிற போக்கில், இந்த மலைக்கு ஒருநாளும் வந்ததில்லை என்பதையும் அவரே உளறிவிட்டார்.

மில்லில் அந்த நண்பரிடமும் பேசினேன். "அப்போ சாமி டீ கேக்கலியா?" என்றார். இல்லை என்றேன். "கேட்டிருந்தாலும் பரவால்ல, அந்தக் குளுருக்கு" என்று மூட்டையை இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை சேட்டு திருப்பத்தூரிலிருந்து காலை ஏழு மணிக்கு மேலே வருகிறான். உங்களுக்காக ஒரு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். வருவதும் வராததும் உங்கள் இஷ்டம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்,
தாண்டவராயன்

*

கண்ணமங்கலம்
03.12.2025

அன்புள்ள அண்ணா,

இன்று தீபம். பூவிழி வாசலில் அகலுக்குத் திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். தெளிந்த மனதோடுதான் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் சாப்பிடாமல் திரும்பிவிட்டேன், அண்ணியிடம் வருத்தம் சொல்லுங்கள். மணியம்மாளைப் பார்த்துவிட்டு வந்த பிறகு யாரோடும் பேச முடியவில்லை.

போகும்போது ஜீப்பில் பின்னால் உட்கார்ந்தேன். முன் சீட்டு காலியாகத்தான் இருந்தது. சேட்டு, "முன்னாடி வாங்க மேடம்" என்றான். வேண்டாம் என்றேன். வளைவுகளில் பனி கண்ணாடியில் வந்து ஒட்டியது. அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒரு கட்டத்தில் நான் விழித்திருக்கிறேனா, மணியம்மாளின் தூக்கத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறேனா என்று சந்தேகமாகிவிட்டது.

அவர் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் முறம் நிற்கவில்லை. எதிரே உட்கார்ந்தேன். "டீ நான் போட்டது. சிரிச்சதும் தப்பு, எழுதினதும் தப்பு. மன்னிச்சுடுங்கக்கா" என்றேன். வழியெல்லாம் பெரிதாக என்னென்னமோ சொல்ல வைத்திருந்தேன், இவ்வளவுதான் வந்தது.

வெகுநேரம் புடைத்தார். பிறகு கேட்டார்: "மீதி சொன்னா சிரிக்காம கேக்கிறியா?"

கேட்டேன். சாமி ஜீப்பிலிருந்து இறங்கியதிலிருந்து ஆரம்பித்துக் கடைசி வரை சொன்னார். முறத்தை வைத்துவிட்டுச் சொன்னார். நான் சிரிக்கவில்லை. அழுதுவிட்டேன். 'அழாம கேக்கிறியான்னு கேக்க மறந்துட்டேன்' என்று அவர்தான் சிரித்தார்.

"இத எழுதலாமாக்கா?" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை கேட்கிறேன்.

"வேணாம்" என்றார். உடனே சொல்லிவிட்டார், யோசிக்கக்கூட இல்லை. "அது உனக்குச் சொன்னது. ஜீப்பு, பனி எல்லாம் இருக்கட்டும். என் பேரும் இருக்கட்டும். டீய மட்டும் எடுத்துடு."

எனக்கு எவ்வளவு வலித்தது தெரியுமா? கேட்டதிலேயே அழகான கனவு அது. ஏழு வருடத்தில் அப்படி ஒரு முடிவு என் கைக்கு வந்ததில்லை. திரும்பும் வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாக மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்து, அடிவாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உங்களுக்கும் சொல்ல மாட்டேன். நாவல் மரத்தடியில் பார்த்ததை வைத்து நீங்களே ஊகித்திருந்தால், ஊகத்தை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். படம் எடுத்துவிட வேண்டாம்.

பதிவைத் திருத்திவிட்டேன். சாமி கண்ணமங்கலத்தில் இறங்குவது வரை அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே, 'இந்த இடத்தில் நான் சிரித்தேன். அவர் நிறுத்திவிட்டார். டீ கேட்டதாக எழுதியது என் பொய்' என்று போட்டு முடித்துவிட்டேன். மற்ற இருநூற்றுப் பதினொன்றையும் அழிக்க வேண்டாம். ஒவ்வொன்றாகத் திறந்து, எங்கெல்லாம் வால் ஒட்டினேன் என்று சந்தேகம் வருகிறதோ அங்கெல்லாம் அப்படியே எழுதிவைக்கப் போகிறேன். சொன்னவர்கள் யாராவது கடைக்கு வந்தால் கேட்டுக்கொள்கிறேன். பூவிழி பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறேன் என்றிருக்கிறாள்.

திருத்திய பதிவு இன்னும் மறைந்தபடிதான் இருக்கிறது, திறக்க வேண்டியவர் நீங்கள். போனுக்கு முழுச் சார்ஜ் போட்டுக்கொண்டு பாறையில் ஏறுங்கள். படித்துவிட்டு வேண்டாம் என்று தோன்றினால், முதலில் என்னிடம் சொல்லுங்கள். சண்டை போடுவேன், ஆனால் கேட்பேன்.

மணியம்மாள் நாளை மறுநாள் சேட்டு ஜீப்பில் மகளைப் பார்க்க வருகிறாராம். முன் சீட்டில்தான் உட்காருவேன் என்று சொல்லியிருக்கிறார்.

சேட்டுவிடம் ஒரு சின்னத் தலையணை கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீலக்கோடு, புது இலவம்பஞ்சு. சாரலுக்கு நனையாமல் இருக்க மேலே ஒரு ரெக்சின் உறையும் தைத்திருக்கிறேன். நெல்லிவாசல்நாட்டுக்குப் போகிறவர்கள் கையில் சேர்த்துவிடுங்கள். யாருக்கு என்று கேட்டால், பெரியவருக்கு என்று மட்டும் சொல்லுங்கள்.

தங்கச்சி,
நதியா